குனிந்தால் ஓடும் நாய்: கண்டி மலைநாட்டில் ஓர் அச்சத்தின் வரலாறு

இலங்கையின் எழுதப்பட்ட வரலாறு ஒரு நாயைப் பின்தொடர்ந்தே ஊருக்குள் நுழைகிறது. விஜயனும் அவனுடைய தோழர்களும் இத்தீவில் கரையேறிய கதையைக் கூறும் மகாவம்சம், நாய் வடிவில் ஓர் இயக்கி அவர்கள் முன் தோன்றியதாகச் சொல்கிறது. நாய் இருக்குமிடத்தில் ஊர் இருக்கவேண்டும் என்று எண்ணிய தோழன் ஒருவன், இளவரசன் தடுத்தும் கேளாமல் அதன் பின்னே போகிறான். போன இடத்தில் குவேனியைக் காண்கிறான். அக்கதையின் உண்மை பொய்யை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாயும் மனிதக் குடியிருப்பும் பிரியாதவை என்ற எண்ணம், ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன்னர் அந்நூல் எழுதப்பட்ட காலத்திலேயே இந்நாட்டில் வேரூன்றியிருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

தமிழர் மரபும் இதற்கு வேறுபட்டதன்று. சங்க இலக்கியம் நாயை ஞமலி என்றும் ஞாளி என்றும் வழங்குகிறது. பைரவருக்கு வாகனமாக நாயே நிற்கிறது. பாரதக் கதையின் முடிவில் தருமனோடு மலையேறிக் கடைசிவரை செல்வதும் நாயே.

இவ்வளவு நெருக்கமான பிராணி நம்மைக் கண்டு ஏன் ஓடுகிறது? பன்வில கடைவீதியில் ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாரானால், பத்தடி தூரத்தில் படுத்திருக்கும் நாய் எழுந்து ஓடிவிடும். அவர் கையில் கல் இல்லை. கல்லெடுக்கும் எண்ணமும் அவருக்கு இல்லை. குனிவது ஒன்றே போதும். ‘நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்’ என்ற நம் பழமொழிக்கு அறிஞர்கள் சிற்பம் சார்ந்த வேறு பொருள் கூறுவர். ஆயினும் பொதுமக்கள் வாயில் அது நாயையும் கல்லையும் பிரிக்கமுடியாமல் இணைத்துவிட்ட மொழியாகவே வழங்குகிறது. நாயின் மனத்திலும் அவ்விணைப்பு அவ்வாறே பதிந்துள்ளது.

இந்த அச்சம் எப்படி உண்டாயிற்று, அதை நீக்க மனிதர் என்னென்ன செய்து பார்த்தனர், நீக்காவிட்டால் என்ன கேடு என்பவற்றை ஆராய்வது பொழுதுபோக்கு ஆராய்ச்சியாகச் சிலருக்குத் தோன்றலாம். அஞ்சி ஓடும் நாய்க்குத் தடுப்பூசி போடமுடியாது. தடுப்பூசி போடாத நாயினால் மனித உயிர் போகும். இதை மனத்திற்கொண்டு மேலே படிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறேன்.

பங்களா நாயும் லயத்து நாயும்

கண்டியிலிருந்து வத்தேகம வழியாகச் செல்லும் பாதை பன்விலவை அடைந்து, அதற்கப்பால் ஹுலுகங்கை, மடுல்கலை என்று நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறுகிறது. 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர், இம்மலைச்சரிவுகளில் காடு வெட்டிக் கோப்பி பயிரிட்டனர். நக்கிள்ஸ், கலேபொக்க என்பன அக்காலத் தோட்டக்காரர் வட்டாரத்தில் புகழ்பெற்ற கோப்பிப் பிரதேசங்கள். 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தமிழகத்திலிருந்து மன்னார், மாத்தளை வழியாக நடந்து வந்த நம்மவர்கள் இரு பயிர்களுக்கும் உழைத்தனர். அவ்வரலாறு பலரும் அறிந்ததே.

தோட்டங்களில் இருவகை நாய்கள் வாழ்ந்தன. ஒன்று துரையின் பங்களா நாய். சாமுவேல் பேக்கர் 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறியபோது இங்கிலாந்திலிருந்து வேட்டைநாய்களைக் கப்பலில் வரவழைத்தார். இலங்கை வேட்டையைப் பற்றி 1850களில் அவர் வெளியிட்ட நூலில் ஸ்மட், கில்பக், புளூபியர்ட் என்று அந்நாய்கள் பெயரோடும் குணத்தோடும் இடம்பெறுகின்றன. மரையைத் துரத்தியவை, காட்டுப்பன்றியால் கிழிபட்டவை, சிறுத்தைக்கு இரையானவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அந்நூலில் நாயின் பெருமை அதன் துணிவினாலேயே அளக்கப்படுகிறது. அஞ்சும் நாய்க்கு அங்கே இடமில்லை.

மற்றது லயத்து நாய். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடக்கையில் நாய்க்கு உள்ளே இடமேது? அது இஸ்தோப்பில் படுத்தது. மிஞ்சிய சோற்றையும் ரொட்டியையும் தின்றது. இரவில் சிறுத்தை வந்தால் முதலில் பலியானது. சங்கிலியும் கழுத்துப்பட்டியும் அது அறியாதவை. யாருடைய நாய் என்று லயம் முழுவதற்கும் தெரியும். அரசாங்கப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியாது.

பதிவேட்டுக்குத் தெரியாமலிருந்ததே அதற்கு வினையாக முடிந்தது. 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் ஆங்கிலேயர் காலத்தில் பிறந்தவை. நோய் பரவும் இடங்களில் நாய்களைக் கட்டிவைக்கவேண்டும், உரிமையாளர் தம் நாயை ஆண்டுதோறும் பதிய வேண்டும், உரிமையாளரற்றுத் திரிவனவற்றை அழிக்கலாம் என்பதே இவ்வகைச் சட்டங்களின் போக்கு. வேலியும் சங்கிலியும் வேலையாளும் உடைய பங்களாவுக்கு இது எளிது. இஸ்தோப்பு நாய்க்கு இது மரண சாசனம். கட்டாக்காலி நாய் என்ற சொல்லுக்குள் யாருமற்ற நாய் மட்டுமன்றி, ஏழையின் நாயும் அடங்கிவிட்டது.

பௌத்த ஜாதகக் கதைகளுள் குக்குர ஜாதகம் என்று ஒன்றுண்டு. காசி மன்னனின் தேர்வார்களை நாய்கள் கடித்துவிட்டன என்று நகரத்து நாய்களையெல்லாம் கொல்ல ஆணை பிறக்கிறது. அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு. சுடுகாட்டு நாய்க் கூட்டத்தின் தலைவனாகப் பிறந்திருந்த போதிசத்துவர் அரசவைக்குச் சென்று, வாரைத் தின்றவை அரண்மனை நாய்களே என்று மெய்ப்பித்துக் காட்டுகிறார். தலதா மாளிகை அமைந்த கண்டி மண்ணில், பன்சலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வந்திருக்கக்கூடிய கதை இது. சட்டத்தை நடைமுறைப்படுத்தியோர் காதில் அது விழவில்லை.

கொன்றும் தீராத நோய்

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இந்நாட்டின் உள்ளூராட்சி மன்றங்கள் நாய்களைப் பிடித்துக் கொன்றன. சுட்டனர், நஞ்சு வைத்தனர், கூண்டில் அடைத்துப் புகையூட்டினர். நாய் பிடிக்கும் வண்டி வந்தால் சிறுவர்கள் தம் நாயைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடி ஒளிவது மலைநாட்டில் முதியோர் பலரும் கூறும் செய்தி. நாய்களும் கற்றுக்கொண்டன. எந்த வண்டியின் ஓசைக்கு ஓடவேண்டும், எத்தகைய உடையணிந்தவரைக் கண்டால் ஒளியவேண்டும் என்பதைத் தப்பிப் பிழைத்தவை அறிந்திருந்தன. மனிதனை நம்பி அருகில் வந்த நாய் அகப்பட்டது. அஞ்சி விலகிய நாய் பிழைத்துக் குட்டி ஈன்றது. ஆகவே கொலை நடவடிக்கை அச்சமுள்ள நாய்களையே நமக்கு மிச்சம் வைத்தது எனலாம்.

நோயோ ஒழிந்தபாடில்லை. 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் விசர்நாய்க்கடியால் இறந்தோர் தொகை 377. இவ்வளவு சிறிய நாட்டுக்கு இது பேரிடி. 1975இல் நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி போடும் தேசிய வேலைத்திட்டம் தொடங்கிற்று. அதன் பின்னரே மரணங்கள் படிப்படியாகக் குறைந்தன. அண்மைய ஆண்டுகளில் இத்தொகை ஆண்டொன்றுக்கு இருபது, முப்பது என்ற அளவில் நிற்கிறது. 2006இல் நாய்களைக் கொல்லாமை அரசின் கொள்கையாயிற்று. கருத்தடையும் தடுப்பூசியும் கொலைக்குப் பதிலாக வந்தன. கண்டியில் விலங்கு நலன் ஊடாகச் சமூகத்தைப் பாதுகாக்கும் நோக்குடன் உருவான தன்னார்வச் சங்கம் இப்பணியில் நெடுங்காலமாக உழைத்து வருகிறது. நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில், பன்விலவுக்கு அண்மையிலேயே இயங்குவதும் குறிப்பிடத்தக்கது.

ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு 70க்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச்சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாயினால் பரவும் விசர்நாய்க்கடி மரணங்களை 2030க்குள் உலகெங்கும் ஒழிப்பது அந்நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் வரித்துக்கொண்ட இலக்கு. ஊசி இலவசம், மருந்தும் இருக்கிறது. ஆனால் நாயைப் பிடிப்பது யார்? பிறந்தது முதல் கயிறு பூணாத நாயை, தம் வீட்டு நாயாயினும், பலரால் பிடித்து நிறுத்த முடிவதில்லை. வலை வீசிப் பிடித்து ஊசி போட்டால் இவ்வாண்டுக்கு உதவும். வலையைக் கண்ட நாய் மறு ஆண்டு அவ்வண்டியின் ஓசை கேட்டதும் தேயிலைக்குள் புகுந்துவிடும். இதுவே நான் முதலில் குறிப்பிட்ட கேடு. சட்டம் மாறிவிட்டது, கொலை நின்றுவிட்டது, ஆனால் அச்சம் இன்னும் உயிரோடிருக்கிறது.

1924: இரு சம்பவங்கள்

அச்சத்தை நீக்குவது எப்படி என்ற கேள்விக்கு அறிவியல் விடை காண நெடுநாள் சென்றது. ஐரோப்பாவில் நாய்ப் பயிற்சி பெரும்பாலும் படைக்கும் பொலிஸுக்கும் உரியதாயிருந்தது. ஜெர்மனியரான கொன்ராட் மோஸ்ட் 1910இல் வெளியிட்ட கையேடு அத்துறையின் பாலபாடமாக விளங்கிற்று. வலியும் கட்டாயமும் அதில் முக்கிய கருவிகள். துணிந்த நாய்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கும் நிறுவனங்களுக்கு அஞ்சும் நாயைப் பற்றிக் கவலையில்லை. அதைக் கழித்துவிட்டால் போதும். கண்டி அஸ்கிரியவில் தலைமையகம் கொண்ட நமது பொலிஸ் நாய்ப் பிரிவு உட்பட, உலகெங்கும் கடமை நாய்களைத் தேர்ந்தெடுக்கையில் அச்சமின்மையே முதற்றகுதியாகக் கொள்ளப்படுகிறது. தெருநாயை அவ்வாறு கழித்துவிட முடியாது என்பதே நம் சிக்கல்.

1924ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் புகுந்தது. செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவின் ஆய்வுகூட நாய்கள் கூடுகளுக்குள் நீரில் அகப்பட்டுக்கொண்டன. கூடுகளின் கதவு தாழ்வாக இருந்தமையால், நாய்களின் தலையை நீருக்குள் அழுத்தியே வெளியே இழுக்கவேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தன, ஆனால் சில நாய்கள் முன்னைய நாய்களாக இல்லை. மணிக்கும் ஒளிக்கும் உமிழ்நீர் சுரக்கப் பல மாதம் பழகியிருந்தவை அனைத்தையும் மறந்துவிட்டன.

ஆய்வாளர் ஸ்பெரான்ஸ்கி அவற்றுள் ஒரு நாயை எடுத்துக்கொண்டு, அது தனியே இல்லாதவாறு தாமும் அறைக்குள் உடனிருந்தார். அவர் அருகிலிருந்தபோது இழந்த பழக்கங்கள் மெல்லத் திரும்பின. பின்னர் அவர் சிறிது சிறிதாக விலகி, நாயைத் தனித்திருக்கப் பழக்கினார். குணமாயிற்று என்று கருதிய வேளையில், சோதனைக்காகக் கதவின் கீழே ஓர் ஓடை போல நீரைக் கசிய விட்டனர். நாய் மீண்டும் நிலைகுலைந்தது. இரு பாடங்களை இது தந்தது. அஞ்சிய உயிருக்கு அது நம்பும் ஒருவர் அருகிருப்பதே முதல் மருந்து. பழைய அச்சம் அழிந்துவிடுவதில்லை. புதிய அனுபவத்தின் கீழே அது புதைந்து கிடக்கிறது.

அதே 1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் பெண் உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். பீட்டர் விரும்பி உண்டுகொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்த முயலை அவன் சாப்பாட்டுக்குத் தடையாகாத தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள் தூரத்தைக் குறைத்தார். இறுதியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். அவசரப்பட்டு முயலை அருகே கொண்டுவந்திருந்தால், முயலின் மீது விருப்பம் உண்டாவதற்குப் பதிலாக உணவின் மீதே வெறுப்பு உண்டாயிருக்கும். தூரத்தை அளந்து வைப்பதிலேயே சிகிச்சையின் முழு நுட்பமும் அடங்கியிருந்தது.

இவ்விரண்டையும் முறையான சிகிச்சையாக வளர்த்தவர் தென்னாபிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே. இரண்டாம் உலகப் போரில் மனம் சிதைந்த வீரர்களைப் பார்த்தவர் அவர். பின்னர் ஜொகன்னஸ்பேர்க்கில் பூனைகளிடம் அச்சத்தை ஆராய்ந்து, அஞ்சும் பொருளை மிகத் தாழ்ந்த அளவில் காட்டி, அதே வேளையில் அச்சத்துக்கு எதிரான இதத்தை ஊட்டும் முறையை வகுத்தார். 1958இல் வெளிவந்த அவருடைய நூல் மனிதருக்கே எழுதப்பட்டது. இன்று உலகெங்கும் அஞ்சும் நாய்களுக்கு அளிக்கப்படும் பயிற்சிக்கு அடிப்படை அதுவே.

குட்டிப் பருவமும் தப்பிக்கும் உரிமையும்

அச்சம் வந்தபின் நீக்குவதைக் காட்டிலும் வராமற் காப்பது எளிது என்று காட்டியது 1961ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில் ஃபிரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவர், உயர்ந்த வேலியிட்ட ஒரு ஏக்கர் நிலத்தில் மனிதமுகமே காணாதவாறு நாய்க்குட்டிகளை வளர்த்தனர். வெவ்வேறு வயதில் குட்டிகளை ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டுத் திருப்பி அனுப்பினர். ஐந்தாம் கிழமை முதல் ஒன்பதாம் கிழமை வரையான பருவத்தில் பழகியவை பின்னர் மனிதரோடு ஒட்டிக்கொண்டன. பதினான்கு கிழமைவரை மனிதரை அறியாதவை காட்டு விலங்கு போலாயின. இதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்கொட்டும் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட பெருநூல், மூன்றாம் கிழமை முதல் பன்னிரண்டாம் கிழமை வரையான காலமே நாயின் நட்புக்கு வாசல் திறந்திருக்கும் காலம் என்று நிறுவியது.

நம் தெருக்களில் அக்காலத்தில்தான் குட்டிகள் மூங்கிற் புதரிலும் கானின் உள்ளேயும் தாயோடு ஒளிந்திருக்கின்றன. வெளியே வரும்போது வாசல் பாதி மூடிவிட்டது. தாயும் அஞ்சி ஓடுபவள். அவள் ஓடுவதைக் கண்டு குட்டிகளும் ஓடுகின்றன. கல்லடி படாமலே கல்லுக்கு அஞ்சும் நாய் இவ்வாறு உருவாகிறது.

அடுத்து 1967. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும், தப்ப வழியில்லாமல் மின்னதிர்ச்சி பெற்ற நாய்களைப் பின்னர் தப்ப வழியுள்ள பெட்டியில் விட்டுப் பார்த்தனர். தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் போதும். பெரும்பாலானவை தாண்டவில்லை, முனகிக்கொண்டு படுத்துவிட்டன. இன்று எவரும் அனுமதிக்காத கொடிய சோதனை அது. அந்நாய்களைத் தேற்ற, கயிற்றால் தடுப்பைத் தாண்டி இழுத்துச் சென்று, வழியுண்டு என்று பலமுறை காட்டவேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு கழித்து 2016இல் அவ்விருவரும் தம் கருத்தையே திருத்தி எழுதினர். துன்பம் நீடிக்கும்போது செயலற்றுக் கிடப்பது கற்றுக்கொள்ள வேண்டாத இயல்பான நிலை. ‘என் செயலால் இதை மாற்றமுடியும்’ என்பதே உயிர்கள் கற்றுக்கொள்வது என்று கண்டனர்.

நாய் வளர்ப்போருக்கு இதைவிடப் பயனுள்ள உண்மை வேறில்லை. ஒடுங்கி அசையாமல் நிற்கும் நாய் பயம் தெளிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். கட்டிப்போட்டு ஊரார் அனைவரையும் தடவச் சொல்கிறோம். அது அடங்கியது கைவிட்டதனால், துணிந்ததனால் அன்று. விலகிப்போக வழியிருந்தும் தானாக நெருங்கி வரும் நாயே பயம் தெளிந்த நாய்.

பன்வில அருகே ஒரு மணி

நூல்கள் கூறும் இம்முறையை, நூல் எதனையும் படியாத ஒருவர் கையாண்டதைப் பன்விலவுக்கு அண்மையில் ஒரு தோட்டத்தில் கண்டேன். தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் அவர். மணி என்று அவர் அழைத்த அந்தச் செவலை நாய், ஒரு முறை வலையில் அகப்பட்டதிலிருந்து முச்சக்கர வண்டியின் ஓசை கேட்டாலே லயத்தின் பின்னால் உள்ள கானுக்குள் பாய்ந்துவிடும். இழுத்தெடுக்கப் போனால் கடிக்க வரும். நான் அங்கு சென்றபோது பழக்கம் பாதி நடந்திருந்தது. இஸ்தோப்பை நோக்கி ஓரடி வைத்தேன்.

“கிட்ட போகாதீங்க ஐயா. ஒரு பக்கமா உக்காருங்க. அத பாக்காதீங்க. அதுவா வரட்டும்” என்றார்.

அவர் பேரன் முச்சக்கர வண்டி ஓட்டுபவன். நாள்தோறும் மாலையில் வண்டியை லயத்துக்குக் கொண்டுவராமல், பாதை வளையும் இடத்தில், இயந்திரத்தை அணைத்து நிறுத்தச் சொன்னார். நாய் வண்டியைக் கண்டது, காதை மடக்கியது, ஆனால் ஓடவில்லை. அத்தூரமே அவர் தொடங்கிய இடம். கண்டதும் ஒரு துண்டு கருவாடு. வண்டி மறைந்ததும் கருவாடும் நின்றது. நான்கைந்து நாளைக்கு ஒருமுறை வண்டி சில அடிகள் நெருங்கிற்று. நாய் உணவைத் தொடாவிட்டால் மறுநாள் வண்டியைப் பின்னுக்கு நிறுத்துவார். இடையே புத்தாண்டு வெடி வெடித்ததில் மணி இரண்டு நாள் கானுக்குள் கிடந்தது. அவர் அதட்டவில்லை, தொடங்கிய தூரத்திலிருந்தே மீண்டும் தொடங்கினார்.

வண்டியைப் பழக்கியதோடு அவர் நிறுத்தவில்லை. கழுத்தின்மேல் கையை வைப்பார், உடனே எடுப்பார், உணவு கொடுப்பார். பின்னர் இரண்டு எண்ணும் வரை, ஐந்து எண்ணும் வரை. பிறகு தொடைத்தோலைக் கிள்ளுவது போல மெல்லப் பிடித்துவிடுவார். ஊசிக்கு அது ஒத்திகை. இரண்டு மாதத்துக்குள் மணி அவர் மடியில் தலைவைத்துக்கொண்டு நிற்கப் பழகியது. அடுத்த தடுப்பூசி நாளில் வலை தேவைப்படவில்லை என்று பிற்பாடு அறிந்தேன். ஊசி போட்டு முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம்.

லெனின்கிராட் ஆய்வாளர் அறைக்குள் உடனிருந்ததும், பீட்டரின் முயற்கூண்டு தூரத்தில் வைக்கப்பட்டதும், தப்பிக்கும் வழியை நாய்க்கு விட்டுவைப்பதும் ஆகிய மூன்றும் இம்முதியவர் முறையில் அடங்கியுள்ளன. அமெரிக்காவில் 1866இல் தொடங்கப்பட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கம், கொடுமையிலிருந்து மீட்கப்பட்ட அச்சமுள்ள நாய்களுக்கென 2013இல் ஒரு தனி நிலையம் அமைத்தது. அங்கே நிபுணர்கள் செய்வதும் அடிப்படையில் இதுவே. கூடுதலாக, மனிதரை அஞ்சாத மற்றொரு நாயை அருகே விட்டு, அதைப் பார்த்துத் துணிவு கொள்ளச் செய்கின்றனர்.

வாசகர்களுள் இம்முறையைச் செய்துபார்க்க விரும்புவோர் நாயின் உடல் பேசும் மொழியை முதலில் அறிதல் வேண்டும். பசியோ உறக்கமோ இல்லாதபோது உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, வாலை வயிற்றோடு ஒட்டுவது ஆகியவை ‘போதும், விலகு’ என்பதன் அடையாளங்கள். உறுமுவதும் எச்சரிக்கையே. உறுமியதற்கு அடித்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும், அச்சத்தை விடாது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும். கடும் அச்சமுள்ள நாயைச் சிறுவர் பொறுப்பில் விடலாகாது. முன்பின் அறியாத தெருநாயிடம் இச்சோதனை வேண்டவே வேண்டாம். கடியோ கீறலோ பட்டால், காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நோயின் அறிகுறி தோன்றியபின் காப்பாற்றும் மருந்து இல்லை.

எல்லா நாய்களும் முற்றாகத் தேறிவிடும் என்று கூறுவதற்கில்லை. குட்டிப் பருவத்தை இழந்த நாய், தன் வீட்டாரிடம் மட்டும் பழகி, அயலாரைக் கண்டால் விலகியே வாழும். அதுவும் போதும். கடிக்காமல் விலகுவதும், ஆண்டுக்கொரு நாள் வீட்டுக்காரர் கையில் ஒரு நிமிடம் நிற்பதுமே நாம் அதனிடம் வேண்டுவன.

செய்யத்தக்கது

நம் உள்ளூராட்சி மன்றங்களும் சுகாதாரப் பகுதியினரும் தடுப்பூசி நாளை அறிவிக்கும்போது, அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே இன்னுமோர் அறிவித்தலையும் விடலாம். நாயின் கழுத்தில் துணிக்கயிறு ஒன்றைக் கட்டிப் பழக்குங்கள், நாள்தோறும் சிறிது நேரம் பிடித்து நிறுத்தி உணவு கொடுங்கள் என்று ஒலிபெருக்கியில் கூறுவதற்குப் பெருஞ்செலவில்லை. தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர்கள், தம் வீட்டுக் குட்டிகளை எப்படித் தொடவேண்டும், எப்போது தொடலாகாது என்று ஒரு பாடவேளையில் கற்பிக்கலாம். தாய் நாய் ஈன்ற இடத்தை அறிந்த வீட்டார், மூன்றாம் கிழமை முதல் அதன் அருகே அமைதியாக அமர்ந்து உணவு வைத்தால், அடுத்த பத்தாண்டுக்கு வலைக்கு வேலை குறையும். வலையை முற்றாகக் கைவிட இயலாது. அதைக் கடைசிக் கருவியாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நூற்றாண்டுக் காலச் சட்டமும் கல்லும் வண்டியும் சேர்ந்து நாய்க்கு ஊட்டிய பாடத்தை ஒரு தலைமுறையில் மாற்ற இயலுமா என்று சிலர் கேட்கலாம். நாயின் தலைமுறை நீண்டதன்று. இரண்டு ஆண்டுகளில் குட்டி தாயாகிவிடுகிறது. அஞ்சாத தாயின் குட்டிகளுக்கு ஓடக் கற்பிப்பார் இல்லை. நமது தலைமுறை நீண்டது. கல்லைக் கீழே போட நாம் எடுத்துக்கொள்ளும் காலத்தைப் பொறுத்தே அடுத்த விசர்நாய்க்கடி மரணம் எந்த லயத்தில், எந்தப் பிள்ளைக்கு நேரும் என்பதும், நேராமலே போகும் என்பதும் அமைந்திருக்கின்றன.